எம்.டி.சி.கே. செல்லில் ஈ-கேட்ஹெரின் கோடு வரவில்லை: ஆன்டிபாடி கெட்டுவிட்டதா, வேறு ஏதாவதா?

நொய்யல்கரை

வணக்கமுங்க. கோவையில் பிஎச்.டி. முதல் வருடம். எபிதீலியல் செல்கள் (உறுப்புகளின் பரப்பில் விரிப்பாகப் படியும் செல்கள்) ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் இடத்தைப் பற்றித்தான் என் வேலை. புனே தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து வரவழைத்த எம்.டி.சி.கே. செல்களை வளர்க்கிறோம். செல்களை ஒட்டவைக்கும் புரதமான ஈ-கேட்ஹெரினுக்கு இம்யூனோஃப்ளூரசன்ஸ் (ஒளிரும் ஆன்டிபாடி போட்டுப் புரதத்தைப் படமெடுப்பது) செய்தால் செல் எல்லையில் பளிச்சென்று கோடு விழ வேண்டும். எனக்கு விழுவது செல் முழுக்கப் பச்சை மங்கல், அதில் அங்கங்கே புள்ளி, நியூக்ளியஸ் இன்னும் கொஞ்சம் அதிகப் பச்சை.

செய்முறை இதுதான். கவர்ஸ்லிப்பில் செல்லை வைத்து மறுநாள் எடுக்கிறேன். பி.பி.எஸ். உப்புக் கரைசலில் ஐந்தைந்து நிமிடமாக மூன்று கழுவல். செல்லை ஃபிக்ஸ் பண்ண, அதாவது இருந்தபடியே நிலைப்படுத்த, 4 சதவீத பி.எஃப்.ஏ. 15 நிமிடம். செல் சவ்வில் ஓட்டை போட டிரைட்டான் டிடர்ஜன்ட் 0.1 சதவீதம் 10 நிமிடம். ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்க 1 சதவீத பி.எஸ்.ஏ. புரதத்தில் அரை மணி பிளாக்கிங். எலியில் (மவுஸ்) செய்த மோனோகுளோனல் பிரைமரி (கேட்ஹெரினைப் பிடிக்கும் ஆன்டிபாடி) 1:100, இரவு முழுக்க 4 டிகிரியில். ஆட்டில் செய்த 488 செகண்டரி (பிரைமரியைப் பிடித்துப் பச்சையாக ஒளிரும் ஆன்டிபாடி) 1:500, ஒரு மணி நேரம் இருட்டில். அப்புறம் நியூக்ளியஸுக்கு டாப்பி சாயம், மவுன்டிங்.

இதே ஆன்டிபாடி எம்.சி.எஃப்.-7 (மனித மார்பகப் புற்றுச் செல்) லைசேட்டில், அதாவது செல்லை உடைத்த சாற்றில், வெஸ்டர்ன் (புரதத்தை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் காண்பது) செய்தபோது 120 கிலோடால்டனில் அழகாக ஒரே பேண்ட் கொடுத்தது. ஆனால் பார்சல் வாரக் கடைசியில் எங்கோ கிடந்து, ஜெல் பேக்கெல்லாம் உருகித்தான் கைக்கு வந்தது. வேறு வாங்கலாம் என்கிறார் கைடு. புது ஆர்டர் போட்டால் பர்ச்சேஸ் பிரிவைத் தாண்டி வருவதற்குள் என் ரிவ்யூ மீட்டிங்கே முடிந்துவிடும். யாராவது சொல்லுங்க.

சிறுவாணித்தண்ணி

தம்பி, படத்துக்கு முன்னால் சில கேள்வி. பிரைமரி போடாமல் செகண்டரி மட்டும் போட்ட கவர்ஸ்லிப் இருக்கிறதா? இருந்தால், அதைப் படமெடுத்தபோது எக்ஸ்போஷர் எவ்வளவு, அல்லது ஆட்டோவில் விட்டாயா? ஆன்டிபாடி கேட்ஹெரினின் வெளிப்பக்கத்தைப் பிடிப்பதா, செல்லுக்குள் இருக்கும் வாலைப் பிடிப்பதா? டேட்டாஷீட்டில் நாய் என்று போட்டிருக்கிறதா? எம்.டி.சி.கே. நாயின் செல். 1958-இல் மேடின், டார்பி என்ற இருவர் ஒரு காக்கர் ஸ்பானியலின் சிறுநீரகத்திலிருந்து எடுத்தது. மனிதப் புரதத்துக்குச் செய்த ஆன்டிபாடியெல்லாம் நாயில் ஒட்டும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

அப்புறம், உங்கள் பி.பி.எஸ்.ஸில் கால்சியம் உண்டா?

நொய்யல்கரை

அக்கா, ஷீட்டில் மனிதன், நாய் இரண்டும் இருக்கிறது. வெளிப்பக்க எபிடோப் (ஆன்டிபாடி பிடிக்கும் துண்டு). செகண்டரி மட்டும் போட்டதும் எடுத்தேன், அதுவும் பச்சையாகத்தான் தெரிகிறது. எக்ஸ்போஷர் ஆட்டோ. பி.பி.எஸ். லேபில் எல்லோருக்கும் பொதுவாகப் பத்து மடங்கில் கரைத்து வைப்பது. சோடியம், பொட்டாசியம் உப்பும் பாஸ்பேட்டும் மட்டும்தான். கால்சியம் போடுவதில்லை.

ஊத்துக்குளி_வெண்ணெய்

இதுக்கு இவ்வளவு விசாரணை எதுக்குங்க. ஜெல் பேக் உருகி வந்தது என்றால் ஆன்டிபாடி போச்சு, அவ்வளவுதான். இருப்பதை வைத்து ஓட்ட வேண்டுமென்றால் 1:50, முடிந்தால் 1:25 போடுங்க. எபிடோப் வெளிப்பக்கம் என்றால் டிரைட்டானே தேவையில்லை, செல்லில் ஓட்டை போட்டதால்தான் உள்ளே போய் மங்கலாக ஒட்டுகிறது. பிளாக்கிங்குக்குப் பி.எஸ்.ஏ. வேண்டாம், 5 சதவீதம் பால் பவுடர் போடுங்க, வெஸ்டர்ன் மாதிரி சுத்தமாக வரும். வெஸ்டர்னில் ஒரே பேண்ட் வந்த ஆன்டிபாடிமேல் சந்தேகப்படவும் வேண்டாம்.

சிறுவாணித்தண்ணி

வெண்ணெய் அண்ணா, ஆன்டிபாடி போச்சு என்று முதல் வரியில் சொல்லிவிட்டு, சந்தேகப்பட வேண்டாம் என்று கடைசி வரியில் சொன்னால் தம்பி எதைக் கேட்பான்?

உருகிய ஜெல் பேக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஐ.ஜி.ஜி. (நாம் போடும் ஆன்டிபாடி வகை) என்பது 150 கிலோடால்டன் எடையில், டைசல்ஃபைட் பிணைப்பால் இறுக்கிக் கட்டிய புரதம். ஓரிரு நாள் வெளி வெப்பத்தில் இருந்தால் பெரும்பாலும் தாங்கும். திரும்பத் திரும்ப உறைய வைத்து உருக்குவதுதான் அதைக் கெடுக்கும், அதனால் வந்த அன்றே சிறு சிறு அளவாகப் பிரித்து வைக்க வேண்டும். பார்சல் வெயிலில் கிடந்ததா என்று வாதாடுவதைவிட ஒரு எம்.சி.எஃப்.-7 கவர்ஸ்லிப் போட்டுப் பார்ப்பது எளிது. அதில் ஈ-கேட்ஹெரின் நிறைய உண்டு. கோடு வந்தால் ஆன்டிபாடி உயிரோடு இருக்கிறது. பக்கத்திலேயே எம்.டி.ஏ.-எம்.பி.-231 வையுங்கள். அதுவும் மார்பகப் புற்றுச் செல்தான், ஆனால் சி.டி.எச்.1 ஜீனின் புரோமோட்டர் மெத்திலேஷனால் அடைபட்டுப்போய் ஈ-கேட்ஹெரின் இருக்காது. அதிலும் பச்சை வந்தால் நீங்கள் பார்ப்பது கேட்ஹெரின் இல்லை. இந்த இரண்டு கவர்ஸ்லிப்பும் சொல்வதை எந்த டேட்டாஷீட்டும் சொல்லாது. ஹீலாவை மட்டும் பாசிட்டிவாக எடுத்துவிடாதீர்கள். கருப்பை வாய் எபிதீலியத்திலிருந்து வந்த செல், எபிதீலியத்துக்குரிய இழைப் புரதமான கெரட்டின் 8, 18 எல்லாம் இருக்கும், ஆனால் அதில் ஓங்கி நிற்பது வேறு வகையான என்-கேட்ஹெரின்.

வெஸ்டர்ன் விஷயம். ஜெல்லில் ஓடும் புரதம் எஸ்.டி.எஸ். டிடர்ஜன்ட்டில் வெந்து நீட்டிக் கிடக்கிறது. கவர்ஸ்லிப்பில் அதே புரதம் மடிந்து, பக்கத்துப் புரதங்களோடு பி.எஃப்.ஏ. போட்ட முடிச்சில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. ஆன்டிபாடி தேடும் சிறு துண்டு அந்த முடிச்சுக்குள் போய்விட்டால் எத்தனை செறிவில் ஊற்றினாலும் பிடிக்காது. இது எதிர்ப்பக்கமாகவும் நடக்கும், இம்யூனோஃப்ளூரசன்ஸில் பிரமாதமாக இருக்கும் ஆன்டிபாடி வெஸ்டர்னில் ஒன்றுமே காட்டாது. 2016-இல் நேச்சர் மெத்தட்ஸ் இதழில் ஒரு பன்னாட்டுக் குழு ஆன்டிபாடிகளைச் சரிபார்க்க ஐந்து வழி சொன்னது. ஜீனை நீக்கியோ ஒடுக்கியோ பார்ப்பது, வேறு துண்டைப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடியோடு ஒப்பிடுவது எல்லாம் அதில் வரும். அவர்கள் அழுத்திச் சொன்னதே இதைத்தான், எந்த வேலைக்குப் பயன்படுத்துகிறோமோ அந்த வேலையிலேயே சரிபார்க்க வேண்டும்.

செறிவைக் கூட்டினால் கோடு மட்டும் கூடாது, மங்கலும் சேர்ந்தே கூடும். 1:50, 1:100, 1:200, 1:400 என்று வரிசையாகப் போட்டு, பின்னணியோடு ஒப்பிடும்போது எது நன்றாகத் தெரிகிறதோ அதை எடுக்க வேண்டும்.

எக்ஸ்போஷரை ஆட்டோவில் விட்டால் கன்ட்ரோலே கன்ட்ரோல் இல்லை. இருட்டான கவர்ஸ்லிப்பைக் கண்டால் கேமரா நேரத்தைக் கூட்டி அதையும் பச்சையாக்கிவிடும். பாசிட்டிவில் நிறைவடையாத அளவுக்கு எக்ஸ்போஷரை வைத்து, அதே எண்ணில் மற்ற எல்லாவற்றையும் எடுங்கள்.

இனி கால்சியம். பெயரிலேயே இருக்கிறது, கேட்ஹெரினுக்குக் கால்சியம் இல்லாமல் பிடிப்பு இல்லை. வெளிப்பக்கம் ஐந்து கண்ணியாகத் தொங்குகிறது, கண்ணிகளுக்கு நடுவே கால்சியம் அயனி உட்கார்ந்தால்தான் அது விறைப்பாக நின்று பக்கத்துச் செல்லின் கேட்ஹெரினைப் பிடிக்கும். மீடியத்தில் 1.8 மில்லிமோலார் கால்சியத்தில் நிம்மதியாக இருந்த செல்லை ஃபிக்ஸ் பண்ணுவதற்கு முன்னால் கால் மணி நேரம் கால்சியமே இல்லாத பி.பி.எஸ்.ஸில் ஊற வைக்கிறீர்கள். நன்றாக முதிர்ந்த மோனோலேயர் (ஒற்றை அடுக்காக நிறைந்த செல்கள்) கொஞ்சம் தாங்கும். நேற்று வைத்த செல்லுக்கு அந்தத் தெம்பு கிடையாது. பிணைப்பு தளர்ந்தால் கேட்ஹெரின் செல்லுக்குள் இழுபட்டுப் புள்ளியாக நிற்கும். கால்சியத்தை எடுத்து மறுபடி கொடுத்துப் பிணைப்பு உருவாவதைப் பார்க்கும் சோதனையே இந்தக் குணத்தை வைத்துத்தான் நடக்கிறது. நீங்கள் அறியாமல் அதன் முதல் பாதியைச் செய்துகொண்டிருக்கலாம்.

கழுவும் பி.பி.எஸ்.ஸில் கால்சியம் குளோரைடு 0.9, மெக்னீசியம் குளோரைடு 0.5 மில்லிமோலார் இருக்கட்டும். பத்து மடங்குக் கரைசலில் நேராகக் கொட்டினால் பாஸ்பேட்டோடு சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும். ஒரு மடங்குக்கு நீர்த்து, ஆட்டோகிளேவ் செய்து ஆறிய பின், தனியாக வைத்த கால்சியக் கரைசலைக் கலக்கிக்கொண்டே கடைசியில் விட வேண்டும்.

பவானி_ஜமக்காளம்

மைக்ராஸ்கோப் பக்கம் இருப்பவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

டிரைட்டான் வேண்டாம் என்ற யோசனை கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் எபிதீலியத்தில் எடுபடாது. திருப்பூர்ப் பக்கம் லைன் வீடு பார்த்திருப்பீர்கள், வரிசையாக வீடு, இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர். முதிர்ந்த எம்.டி.சி.கே. மோனோலேயர் அப்படித்தான். ஈ-கேட்ஹெரின் இருப்பது அந்த நடுச்சுவரில். சுவரின் மேல் விளிம்பை டைட் ஜங்ஷன் தார் பூசினாற்போல் அடைத்து வைத்திருக்கிறது. மொட்டை மாடியில் ஆன்டிபாடியை ஊற்றினால் அது சுவருக்குள் இறங்காது. எபிடோப் செல்லுக்கு வெளியே இருப்பது உண்மை, ஆனால் அந்த வெளியே போக மேலிருந்து வழியில்லை. கவர்ஸ்லிப்பில் கீழ்ப்பக்கம் கண்ணாடி. அதனால் டிரைட்டானோ மெத்தனாலோ போட்டுத்தான் ஆக வேண்டும். ஃபில்டரில் வளர்த்தால் கீழிருந்தும் ஆன்டிபாடி கொடுக்கலாம், 0.4 மைக்ரான் துளை ஐ.ஜி.ஜி.க்குத் தாராளம். அப்படிச் செய்யும்போது மேலும் கீழும் இரண்டு பக்கமும் கொடுங்கள்.

இதனாலேயே இன்னொன்று. சுவர் உயரமாக நிற்கிறது, சாதாரண வைட்ஃபீல்டில் ஃபோகஸுக்கு மேலும் கீழும் உள்ள ஒளியெல்லாம் படத்தில் வந்து விழும். நியூக்ளியஸ் பளிச்சென்று தெரியும் தளத்தில் ஃபோகஸ் வைத்துவிட்டு, கோடு மங்கல் என்று குறைப்படுபவர்களை நிறையப் பார்க்கிறேன். மெதுவாக மேலே ஏற்றிக்கொண்டே பாருங்கள். கான்ஃபோக்கல் கிடைத்தால் அடுக்கடுக்காக எடுத்துப் பக்கவாட்டு வெட்டையும் பாருங்கள், கேட்ஹெரின் சுவர் முழுக்கவும் டைட் ஜங்ஷன் புரதமான இசட்.ஓ.-1 மேல் முனையில் மட்டும் புள்ளியாகவும் தெரிந்தால் செல் உண்மையிலேயே மேல் கீழ் பிரிந்து நிற்கிறது. கவர்ஸ்லிப் 1.5 எண், அதாவது 0.17 மில்லிமீட்டர். ஆயில் லென்ஸ் அந்தத் தடிமனுக்குத்தான் செய்திருக்கிறது. ஸ்டோரில் மலிவாகக் கிடைக்கிறது என்று வேறு எண்ணை வாங்கி வந்து லென்ஸைத் திட்டாதீர்கள்.

மங்கல் பச்சை எல்லாமே ஆன்டிபாடியின் வேலையும் இல்லை, ஆல்டிஹைடு ஃபிக்சேஷன் தானே கொஞ்சம் ஒளிரும். இந்தத் தொல்லை இந்த முறை பிறந்த நாளிலிருந்தே உண்டு. 1941-இல் ஆல்பர்ட் கூன்ஸ் குழுவினர் நிமோகாக்கஸுக்கு எதிரான ஆன்டிபாடியில் முதன்முதலாக ஒளிரும் சாயத்தைக் கட்டினார்கள். அந்தச் சாயம் நீலமாக ஒளிர்ந்தது, திசுவின் சொந்த ஒளியும் நீலம், எது எது என்று பிரிக்க முடியவில்லை. பச்சை ஃப்ளூரசீனுக்கு மாறியது அதற்காகத்தான். எதுவுமே போடாமல் ஃபிக்ஸ் மட்டும் செய்த ஒரு கவர்ஸ்லிப் கட்டாயம் வையுங்கள்.

ஊத்துக்குளி_வெண்ணெய்

லைன் வீடு சரிங்க, அதை ஒத்துக்கொள்கிறேன். பால் பவுடருக்கு என்ன குறை? வெஸ்டர்னில் எத்தனை வருடமாக ஓடுகிறது.

சிறுவாணித்தண்ணி

மெம்பிரேனைக் கழுவிவிடலாம், கண்ணாடியில் படிந்த பால் துகள் படத்தில் புள்ளியாக நிற்கும். தம்பிக்கு ஏற்கெனவே புள்ளித் தொல்லை. பாலில் மாட்டின் ஐ.ஜி.ஜி.யும் இருக்கிறது. ஆட்டு ஐ.ஜி.ஜி.யைப் பிடிக்கும் செகண்டரி போடுகிறவர்களுக்கு அது நேரடி வில்லங்கம், மாடும் ஆடும் அந்த அளவுக்கு நெருங்கிய சொந்தம். தம்பியின் செகண்டரி ஆட்டில் வளர்த்தது, அதனால் சாதாரண ஆட்டு சீரம் 5 சதவீதம் போட்டு பிளாக் பண்ணினாலே போதும். செகண்டரி எந்த மிருகமோ அந்த மிருகத்தின் சீரம்.

பி.எஃப்.ஏ.வுக்குப் பின் 50 மில்லிமோலார் அமோனியம் குளோரைடு 10 நிமிடம். மிச்சமிருக்கும் ஆல்டிஹைடு முனைகள் அதோடு வினை புரிந்து முடிந்துவிடும், ஆன்டிபாடியைப் பிடித்துக்கொள்ளாது. கிளைசினும் ஆகும்.

நாமக்கல்_வெட்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கணும். எங்களுக்கு வேலை கோழிக் குடலில். ஃபார்மலின், பாரஃபின் செக்‌ஷன், 5 மைக்ரான். கெரட்டினுக்கு ஏ.இ.1/ஏ.இ.3 ஆன்டிபாடி போட்டுப் பார்க்கிறோம், வில்லஸ் (குடலுக்குள் விரல் போல் நீட்டி நிற்பது) ஓரம் சிவப்பில் வருகிறது, ஆனால் பச்சைச் சேனலில் வில்லஸுக்கு நடுவில் கூட்டம் கூட்டமாக ஏதோ ஒளிர்கிறது. டாப்பியும் அதில் விழுகிறது. செல் ஊடுருவியிருக்கிறது என்று எழுதலாமா?

சிறுவாணித்தண்ணி

அவசரப்படாதீங்க டாக்டர். கோழியின் ரத்தச் சிவப்பணுவில் நியூக்ளியஸ் உண்டு என்பது உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும். ரத்தக் குழாயில் நிற்கும் சிவப்பணு தன் பாட்டுக்கு ஒளிரும், டாப்பியும் எடுக்கும், பார்க்க அசல் பாசிட்டிவ் செல் மாதிரியே இருக்கும். ஆன்டிபாடி எதுவும் போடாத செக்‌ஷனில் அதே இடம் ஒளிர்ந்தால் அது சிவப்பணு. 70 சதவீத எத்தனாலில் கரைத்த 0.1 சதவீத சூடான் பிளாக் பி. சில நிமிடம் போட்டால் பெரும்பகுதி அடங்கும். அதைக் கடைசியில், செகண்டரிக்குப் பிறகு போடுங்கள், அதற்கப்புறம் டிடர்ஜன்ட் கழுவல் கூடாது.

பாரஃபினில் ஆன்டிஜன் ரிட்ரீவல் செய்கிறீர்கள்தானே? 10 மில்லிமோலார் சிட்ரேட், பி.எச். 6, குக்கரில். ஃபார்மலின் போட்ட முடிச்சை அவிழ்க்காமல் பிரைமரியைக் குறை சொல்வதில் பொருள் இல்லை.

நாமக்கல்_வெட்

ரிட்ரீவல் உண்டுங்க. வெறும் செக்‌ஷன் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். இன்னொரு கேள்வி, கோழி மஞ்சள் கருவிலிருந்து எடுக்கும் ஐ.ஜி.ஒய். ஆன்டிபாடி எங்களுக்குச் சுலபமாகக் கிடைக்கும். நாமக்கல்லில் முட்டைக்கா பஞ்சம். அதை இதில் பயன்படுத்தலாமா?

பவானி_ஜமக்காளம்

எம்.டி.சி.கே. தம்பிக்குப் பயன்படும், உங்களுக்குப் பயன்படாது. கோழிக் குடலில் கோழியின் சொந்த ஐ.ஜி.ஒய். நிறைந்து கிடக்கிறது, கோழிக்கு எதிரான செகண்டரி எல்லாவற்றையும் பிடித்து ஸ்லைடையே விளக்குப் போட்டுவிடும். எலித் திசுவில் எலி ஆன்டிபாடி போடுகிறவர்களுக்கு வரும் அதே தலைவலி. நாய்ச் செல்லில் அந்தப் பிரச்சினை இல்லை. ஐ.ஜி.ஒய். புரோட்டீன் ஏ, ஜி இரண்டிலும் ஒட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள், சுத்தம் செய்ய வேறு வழி வேண்டும்.

காலிங்கராயன்

ஈரோட்டிலிருந்து ஒரு வார்த்தை. புரோட்டோகாலில் ரூம் டெம்பரேச்சர் என்று எழுதியவன் சித்திரை மாதத்து ஈரோட்டைப் பார்த்ததில்லை. எங்கள் லேபில் ஏ.சி. செல் ரூமில் மட்டும்தான், ஸ்டெயினிங் மேசை வெளியே. கவர்ஸ்லிப் ஓரமெல்லாம் பிரகாசமாகவும் நடுவில் மங்கலாகவும் வந்தால் அது ஆன்டிபாடி காய்ந்த தடம். கோவையிலும் ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக இறங்கும்போது ஜன்னல் திறந்திருந்தால் இதே கதைதான், 30 மைக்ரோலிட்டர் துளி எவ்வளவு நேரம் நிற்கும்? பெட்ரி டிஷ்ஷில் ஈரமான ஃபில்டர் பேப்பர், அதன்மேல் பாராஃபில்ம், அதில் துளி வைத்து, கவர்ஸ்லிப்பை செல் பக்கம் கீழாகக் கவிழ்த்து மூடிவிடுங்கள். ஆன்டிபாடியும் மிச்சம். நெயில் பாலிஷ் அடிக்குமுன் ஃபேனை நிறுத்துங்கள்.

நொய்யல்கரை

எல்லோருக்கும் நன்றிங்க. செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பக்கத்து லேபில் எம்.சி.எஃப்.-7, 231 இரண்டும் கொடுத்தார்கள். எம்.சி.எஃப்.-7-இல் கோடு நன்றாக வந்தது, 231-இல் அதே எக்ஸ்போஷரில் இருட்டு. ஆக, ஆன்டிபாடி உயிரோடுதான் இருக்கிறது. வேறு வாங்கும் பேச்சைக் கைடு விட்டுவிட்டார்.

எம்.டி.சி.கே.வில் கால்சியம் போட்ட பி.பி.எஸ்., அமோனியம் குளோரைடு, ஆட்டு சீரம் எல்லாம் மாற்றினேன். இடையில் கல்லூரி விடுமுறை வந்ததால் செல் முழுக்க நிறைந்து அடர்ந்துவிட்டது. பி.எஃப்.ஏ.வில் எல்லையில் கோடு வந்துவிட்டது! மைனஸ் 20 டிகிரி மெத்தனாலில் 5 நிமிடம் வைத்தது இன்னும் கூர்மை. ஆனால் மெத்தனால் கவர்ஸ்லிப்பில் ஃபலாய்டின் போட்டேன், ஆக்டின் ஒன்றுமே வரவில்லை. நியூக்ளியஸ் பச்சை செகண்டரி மட்டும் போட்டதிலும் கொஞ்சம் இருந்தது, இப்போது குறைந்திருக்கிறது. கால்சியம்தான் காரணம் என்று கைடிடம் சொல்லிவிட்டேன்.

சிறுவாணித்தண்ணி

கோடு வந்ததில் சந்தோஷம். ஆனால் கால்சியம்தான் என்று எப்படித் தெரியும்? பி.பி.எஸ்.ஸும் மாறியிருக்கிறது, செல் அடர்த்தியும் மாறியிருக்கிறது. எம்.டி.சி.கே. நிறைந்து சில நாள் கழித்துத்தான் சுவர் உயர்ந்து கேட்ஹெரின் அதில் குவியும். உன் பழைய கவர்ஸ்லிப்பில் செல்லே பாதி தனித்தனியாக நின்றிருக்கும், கோடு விழப் பக்கத்து வீடே இல்லை. நான்கு கவர்ஸ்லிப் போதும். அடர்ந்தது இரண்டு, நேற்று வைத்தது இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒன்றுக்குக் கால்சியம், ஒன்றுக்கு இல்லை. மற்றதெல்லாம் ஒன்றே.

ஃபலாய்டின் வராததில் ஆச்சரியம் இல்லை. அது ஆன்டிபாடி இல்லை, காளான் நச்சு, மடிப்புக் குலையாத எஃப்-ஆக்டினில்தான் உட்காரும். மெத்தனால் அந்த மடிப்பைக் குலைத்துவிடும். ஆக்டினும் வேண்டுமென்றால் பி.எஃப்.ஏ.தான்.

ஊத்துக்குளி_வெண்ணெய்

கோடு வந்துவிட்டதே, ரிவ்யூவுக்குப் படம் போதும். மறுபடி நான்கு கவர்ஸ்லிப் எதற்குங்க? ஆன்டிபாடி என்ன சும்மாவா கிடைக்கிறது.

சிறுவாணித்தண்ணி

துளி வைத்துக் கவிழ்த்தால் கவர்ஸ்லிப்புக்கு 30 மைக்ரோலிட்டர். 1:100 என்றாலும் நாலுக்கும் சேர்த்து ஒன்றேகால் மைக்ரோலிட்டர் கூட ஆகாது. ரிவ்யூவில் யாராவது கேட்டால் என்ன சொல்வான்?

நொய்யல்கரை

போட்டுவிட்டேன் அக்கா. அடர்ந்த செல்லில் இரண்டு பி.பி.எஸ்.ஸிலும் கோடு இருக்கிறது, கால்சியம் இல்லாததில் அங்கங்கே விட்டு விட்டுத் தெரிகிறது. நேற்று வைத்த செல்லில் கால்சியம் இருந்தால் செல் தொடும் இடத்தில் மட்டும் சின்னக் கோடு, இல்லாவிட்டால் பழைய கதை, மங்கலும் புள்ளியும். கைடிடம் மாற்றிச் சொல்லிவிட்டேன், இரண்டும்தான், ஆனால் அடர்த்தி பெரிசு என்று.

கால்சியம் உள்ள கவர்ஸ்லிப்பிலும் கொஞ்சம் புள்ளி மிச்சமிருக்கிறது. அது செல்லுக்குள் இழுபட்ட கேட்ஹெரினா?

பவானி_ஜமக்காளம்

இருக்கலாம், செல் கேட்ஹெரினை உள்ளே இழுத்து மறுபடி வெளியே அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் ஆன்டிபாடி கட்டி தட்டியதா என்று பார். நீர்த்த ஆன்டிபாடியை 4 டிகிரியில் அதிகபட்ச வேகத்தில் பத்து நிமிடம் சுற்றி மேல் நீரை மட்டும் எடு. புள்ளி கண்ணாடியில் செல் இல்லாத இடத்திலும் இருந்தால் அது கட்டி. டாப்பியில் நியூக்ளியஸுக்கு வெளியே பொடிப் பொடியாக மின்னினால் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்று, அப்போது இந்த இழையை விட்டுவிட்டு முதலில் இன்குபேட்டரைப் போய்ப் பார்.

நொய்யல்கரை

செல் இல்லாத இடத்திலும் புள்ளி இருக்குங்க அண்ணா, அப்போ கட்டிதான் போல. அடுத்து இசட்.ஓ.-1-ஐயும் சேர்த்து இரட்டை ஸ்டெயினிங் செய்யச் சொல்கிறார் கைடு. லேபில் இருப்பது ரேட்டில் (rat, பெரிய எலி இனம்) செய்த மோனோகுளோனல். ஈ-கேட்ஹெரின் எலி, இசட்.ஓ.-1 ரேட். பச்சை 488-உம் சிவப்பு 568-உம் போட்டால் சரியாகிவிடும்தானே?

சிறுவாணித்தண்ணி

அப்படியே போட்டால் சரியாகாது. எலியின் ஐ.ஜி.ஜி.யும் ரேட்டின் ஐ.ஜி.ஜி.யும் கிட்டத்தட்ட ஒரே சாயல். எலிக்கு எதிரான செகண்டரி ரேட் ஆன்டிபாடியையும் பிடிக்கும். இரண்டு புரதமும் ஒரே இடத்தில் இருப்பதாகப் படம் சொல்லும், நீயும் கோலோகலைசேஷன் என்று எழுதிவிடுவாய். ஒன்றுக்கொன்று எதிராக உறிஞ்சி நீக்கிய செகண்டரி வாங்க வேண்டும், லேபிளில் ரேட்டுக்கு எதிராக உறிஞ்சியது என்று தெளிவாகப் போட்டிருக்கும். இரண்டு செகண்டரியும் ஒரே மிருகத்தில், ஆட்டிலோ கழுதையிலோ, வளர்த்ததாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். ஒற்றைப் பிரைமரி, இரண்டு செகண்டரி என்று இரண்டு கவர்ஸ்லிப் கூடுதலாக வை. பட்ஜெட் இருந்தால் இசட்.ஓ.-1-க்கு முயலில் செய்ததை வாங்கிவிடு, பாதித் தலைவலி போகும்.

நாய் ஈ-கேட்ஹெரினுக்கென்றே செய்த ஆர்.ஆர்.1 என்ற எலி மோனோகுளோனலும் அயோவா பல்கலைக்கழகத்தின் ஹைப்ரிடோமா வங்கியில் கிடைக்கிறது. லாபம் வைக்காத வங்கி என்பதால் விலை தாங்கும். அங்கிருந்து வாங்கினால் விகிதம் பார்த்துப் போடாதே, மில்லிலிட்டருக்கு 2 முதல் 5 மைக்ரோகிராம் என்று கணக்கிட்டுப் போடு.

நாமக்கல்_வெட்

வெறும் செக்‌ஷனைப் பார்த்தேனுங்க. சிவப்பணுதான். சூடான் பிளாக் போட்டதும் பச்சை அடங்கிவிட்டது, கெரட்டின் சிவப்பு அப்படியே நிற்கிறது. ஆனால் கோப்லெட் செல்லின் சளியில் மட்டும் செகண்டரி இன்னும் ஒட்டுகிறது. அதற்குத் தனி இழை தொடங்கட்டுமா, இங்கேயே கேட்கட்டுமா?

பவானி_ஜமக்காளம்

தனி இழையே தொடங்குங்க டாக்டர், செகண்டரி மட்டும் போட்ட செக்‌ஷனின் படத்தையும் எக்ஸ்போஷர் எண்ணையும் சேர்த்தே போடுங்க.